படிவு ஏறிய கூலரைத் திறந்து கழுவுவது எப்படி: ஆலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கத்திரி வெயில் தொடங்கிய முதல் வாரத்திலேயே கண்ட்ரோல் ரூமிலிருந்து பராமரிப்புப் பிரிவுக்கு அழைப்பு வந்துவிடும். "கூலிங் போதவில்லை சார். தண்ணீர் வால்வை முழுக்கத் திறந்தும் வெப்பநிலை இறங்கவில்லை." கடலூர் சிப்காட்டிலும் மணலியிலும் நான் வேலை பார்த்த ஆலைகள் எல்லாவற்றிலும் இதுதான் வாடிக்கை. ஆலையின் சூடான திரவத்தைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலரில் படிவு மே மாதத்தில் திடீரென்று உண்டாவதில்லை. மார்கழி, தை மாதங்களில் கூலிங் டவர் தண்ணீர் குளிர்ச்சியாக வருவதால் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் படிவு வெளியே தெரியாது. வெயில் ஏறித் தண்ணீர் 32, 33 டிகிரிக்கு வந்ததும் குட்டு வெளிப்படுகிறது.

டிப்ளமோ முடித்து இப்போதுதான் ஆலைக்குள் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் முதலில் தொடப்போவது அநேகமாக ஷெல் அண்ட் டியூப் வகைக் கூலராக இருக்கும். டியூபுக்குள் தண்ணீர், வெளியே உருளையான ஷெல்லில் ஆலையின் திரவம். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், திறக்கத்தான் வேண்டுமா?

"கூலிங் இல்லை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுக்காதீர்கள். தண்ணீர் பம்ப்பின் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைத்திருக்கலாம். டியூப்களின் முனையில் தண்ணீர் நுழையும் அறையான சானலின் மேல்பகுதியில் காற்று சிக்கிக்கொண்டு பாதி டியூப்களுக்குத் தண்ணீரே போகாமல் இருக்கலாம். காற்றை வெளியேற்றும் சிறு வால்வான வென்ட்டை ஒரு நிமிடம் திறந்தால் தீர்ந்துவிடும். யாரோ ஒரு வால்வைப் பாதியில் விட்டிருக்கலாம். இவற்றைப் பார்த்த பிறகு நான்கு வெப்பநிலைகளையும் தண்ணீரின் ஓட்டத்தையும் குறித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

50 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூலர் என்று வையுங்கள். சுத்தமாக இருந்தபோது திரவம் 90 டிகிரியில் நுழைந்து 45 டிகிரியில் வெளியேறியது. மணிக்கு 100 கன மீட்டர் தண்ணீர் 32 டிகிரியில் நுழைந்து 38 டிகிரியில் வெளியேறியது. தண்ணீர் எடுத்துச்செல்லும் வெப்பம் ஏறத்தாழ 700 கிலோவாட். இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாடுகள் 52, 13. அவற்றின் மடக்கைச் சராசரி (இரண்டின் வித்தியாசத்தை, இரண்டின் விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்தது) 28. வெப்பத்தைப் பரப்பாலும் இந்தச் சராசரியாலும் வகுத்தால் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 500 வாட். வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு இது. ஆலையில் இதை 'யூ' மதிப்பு என்பார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே ஓட்டத்தில் திரவம் 53 டிகிரியில் வெளியேறுகிறது, தண்ணீர் 37 டிகிரியில் வெளியே வருகிறது. இப்போது அதே கணக்கில் 'யூ' 330. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இந்த இழப்புக்கு 2 மில்லிமீட்டர் கெட்டிச் சுண்ணாம்பு தேவை. ஆனால் பாசியும் நுண்ணுயிர்ச் சளியும் படிந்தால் 0.6 மில்லிமீட்டரே போதும், ஏனென்றால் அந்தச் சளி பெரும்பாலும் தண்ணீர். வெப்பத்தைக் கடத்துவதில் சுண்ணாம்பைவிடவும் மோசம். திறந்து பார்த்துவிட்டு "லேசாக வழுவழுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்று மூடிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வழுவழுப்புதான் நோயே.

அழுத்த இழப்பையும், அதாவது தண்ணீர் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தையும், பாருங்கள். 'யூ' குறைந்து அழுத்த இழப்பு ஏறாமல் இருந்தால் மெல்லிய படலம். அழுத்த இழப்பு நன்றாக ஏறியிருந்தால் டியூப்கள் அடைத்திருக்கின்றன: டவரிலிருந்து உடைந்து வந்த பிளாஸ்டிக் துண்டு, சேறு, கடல் நீர் என்றால் சிப்பி.

திறப்பதற்கு முன் உள்ள வேலை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கூலருக்கு இரண்டு பக்கம் உண்டு. நாம் கழுவுவது ஒரு பக்கத்தை. ஆபத்து பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆலையில், தண்ணீர்ப் பக்கம் வடித்தாகிவிட்டது என்று சானல் கவரின் போல்ட்டைத் தளர்த்தப் போனேன். எங்கள் மூத்த ஃபிட்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, இந்தப் பக்கம் வடிந்துவிட்டது, சரி. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" தெரியவில்லை. "இந்தப் பக்கம் வடிந்தது தண்ணீர்தானா?" அதுவும் தெரியவில்லை. டிரெயினில் ஒரு குவளை பிடித்துப் பார்த்தோம். தண்ணீரின் மேல் கண்ணாடி போல் ஒரு படலம், ஒதுங்கி நின்றாலும் மூக்கில் ஏறும் நெடி. ஷெல்லில் இருந்த கரைப்பான் ஓட்டை விழுந்த ஒரு டியூப் வழியாகத் தண்ணீர்ப் பக்கத்துக்கு வந்திருந்தது. பத்தடி தள்ளி வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து, தண்ணீர்ப் பக்கம் என்பதற்காக வாயுச் சோதனையை நான் விட்டதில்லை.

இதே கேள்வியைக் கேட்காமல் விட்டதால் உயிர்ப்பலி நேர்ந்த வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குட்இயர் நிறுவனத்தின் செயற்கை ரப்பர் ஆலையில், திரவ அமோனியாவால் குளிரூட்டும் ஒரு வெப்பப் பரிமாற்றி இருந்தது. 2008 ஜூன் 10 அன்று உடைந்த ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் தானே கிழியும் தகடு) ஒன்றை மாற்றுவதற்காக, அமோனியா பக்கத்தின் பாதுகாப்பு வால்வுக்குப் போகும் வழியை மூடினார்கள். டிஸ்க்கை மாற்றினார்கள்; வழியைத் திறக்கவில்லை. மறுநாள் காலை இன்னொருவர், குழாய்களைச் சுத்தம் செய்வதற்காக, அமோனியா அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்குப் போகும் பாதையையும் மூடிவிட்டு, டியூப் பக்கத்துக்கு நீராவி கொடுத்தார். ஷெல்லுக்குள் சிக்கிய அமோனியா சூடேறியது, வெளியேற வழியில்லை. பரிமாற்றி வெடித்தது. ஓர் ஊழியர் இறந்தார். எல்லாரும் பத்திரம் என்று தவறாகக் கணக்கெடுத்துவிட்டதால், அவர் உடல் இடிபாட்டில் கிடப்பது பல மணி நேரம் கழித்தே தெரிந்தது.

2013 ஜூன் 13 அன்று லூசியானாவின் கைஸ்மர் என்ற ஊரில், வில்லியம்ஸ் நிறுவனத்தின் ஓலிஃபின் ஆலையில் நடந்ததும் ஏறத்தாழ இதே கதை. மாற்றாக வைத்திருந்த ரீபாய்லருக்குள் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பரிமாற்றி) திரவ புரோப்பேன் இருந்தது. பாதுகாப்பு வால்வுக்கு வழி அடைபட்டிருந்தது. அதற்குச் சூடான தண்ணீர் வால்வைத் திறந்தார்கள். சில நிமிடங்களில் வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள்.

ஆகவே வேலை அனுமதிச் சீட்டான பர்மிட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக இவற்றைக் கேளுங்கள்: உள்ளே என்ன இருந்தது, வடிந்துவிட்டதா, அழுத்தம் பூஜ்யமா, எதனால் கழுவினார்கள், மீண்டும் அழுத்தம் ஏறினால் எந்த வழியாக வெளியேறும். ஒரு பக்கத்தை வடிக்க முடியாத நிலை இருந்தால், அந்தப் பக்கத்தின் பாதுகாப்பு வால்வு வழி திறந்தே இருக்க வேண்டும். மறுபக்கத்துக்குச் சூடு கொடுக்கவே கூடாது.

மூடிய வால்வை நம்பாதீர்கள். எந்த வால்வும் என்றாவது கசியும். குழாய் இணைப்பான ஃப்ளாஞ்சைப் பிரித்து நடுவில் பிளைண்ட் (வழியை அடைக்கும் தகடு) போடுங்கள். எந்தப் பிளைண்ட் எங்கே போட்டது என்று எண் எழுதிப் பட்டியல் வையுங்கள். டிரெயினைத் திறந்து ஒன்றும் வரவில்லை என்றால் காலி என்று முடிவு கட்டாதீர்கள். படிவு அந்த வாயையும் அடைத்திருக்கும். வென்ட்டைத் திறந்ததும் டிரெயினில் ஓட்டம் மாற வேண்டும், அல்லது காற்று உள்ளே இழுக்கப்பட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உள்ளே அழுத்தம் இருப்பதாகவே வைத்து வேலை செய்யுங்கள்.

கவரைத் திறக்கும் விதம்

உங்களுக்கு எதிர்ப்புறத்தில், கீழே உள்ள போல்ட்களை முதலில் தளர்த்துங்கள். உள்ளே மிச்சம் ஏதாவது இருந்தால் உங்களைவிட்டு விலகி அந்தப் பக்கம் வடியும். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில திருகுகள் விட்டு, கேஸ்கட்டை ஆப்பு வைத்து மெல்லப் பிரித்து, ஒழுகுவது நிற்கும்வரை காத்திருங்கள். அவசரப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. 60 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள கவர் 110 கிலோ எடை இருக்கும். செயின் பிளாக்கில் மாட்டிய பிறகே கடைசி நட்டைத் தொட வேண்டும்.

கந்தகம் கலந்த திரவம் ஓடிய கூலர் என்றால் இன்னொன்று. உள்ளே கருப்பாகப் படிந்திருக்கும் இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளும். திறந்த நொடியிலிருந்து அதைத் தண்ணீரால் நனைத்தபடியே வைத்திருங்கள். சுரண்டி எடுத்ததையும் ஈரமாகவே கட்டுங்கள்.

கவர் விலகியதும் கழுவத் தொடங்காதீர்கள். டியூப்களின் முனைகள் பொருந்தியிருக்கும் தட்டான டியூப் ஷீட்டைப் புகைப்படம் எடுங்கள். எந்தப் பகுதி டியூப்கள் அடைத்திருக்கின்றன என்பதே காரணத்தைச் சொல்லும். கீழ்வரிசை மட்டும் சேறாக இருந்தால் ஓட்டம் மெதுவாக இருந்திருக்கிறது. சூடான முனைப் பக்கம் மட்டும் வெள்ளைப் படிவு என்றால் சுண்ணாம்பு. வாளியில் வெந்நீர் போடும் ஹீட்டர் சுருளில் வெள்ளையாக ஏறுமே, அதே பொருள், அதே காரணம். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும்; சுண்ணாம்பு நேர்மாறு, சூடான இடம் பார்த்து உட்காரும்.

படிவில் ஒரு துண்டை எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். அங்கே ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் நுரைத்துக் கரைந்தால் கார்பனேட். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு ஆக்சைடு. சூளையில் வைத்ததும் கருகி எடை குறைந்தால் உயிர்ப்பொருளோ பாலிமரோ. நுரைக்காமல் கல்லாக இருப்பது ஜிப்சமாகவோ சிலிக்காவாகவோ இருக்கலாம். அவற்றுக்கு இந்த அமிலம் போதாது. சிலிக்காவுக்கு ஃப்ளோரைடு சேர்ந்த அமிலம் வேண்டும். அது எலும்புவரை அரிக்கும் பொருள், தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. சொட்டு விட்டபின் முகர்ந்து பார்ப்பதை அடியோடு விடுங்கள். சல்ஃபைடு இருந்தால் வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. லெட் அசிட்டேட் தாள் கறுத்தாலே தெரிந்துவிடும்.

ஜெட்டிங்

டியூபுக்குள் இருக்கும் படிவுக்கு என் முதல் தேர்வு உயர் அழுத்தத் தண்ணீர்தான். இரசாயனம் வேண்டாம், உலோகம் அரிக்காது, எது போனது எது போகவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். துருப்பிடிக்காத எஃகு டியூப் என்றால் ஜெட்டுக்கான தண்ணீரில் குளோரைடு 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருக்கட்டும்.

அழுத்தம் 500 முதல் 1000 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெட்டிங்குக்கு இரண்டு பேர் கட்டாயம். டியூபுக்குள் ஜெட்டைக் கொண்டுபோகும் நீண்ட குழாயான லான்ஸைப் பிடிப்பவரின் கால் மிதியின் மேல் இருக்கும். காலை எடுத்தால் அழுத்தம் இறங்க வேண்டும். மிதியைக் கம்பியால் கட்டி வைத்திருப்பதைக் கண்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாமவர் பம்ப் அருகே நின்று முதலாமவரையே பார்த்துக்கொண்டிருப்பார். காது கேட்காது; கைச்சைகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். லான்ஸின் நாசிலுக்கு அரை மீட்டர் பின்னால் பளிச்சென்ற நிறத்தில் டேப் சுற்றுங்கள். இழுக்கும்போது அந்த நிறம் டியூப் வாயில் தெரிந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். நாசில் வெளியே வந்தால் அது பாம்பு போலத் துள்ளும், எதிரில் யார் இருந்தாலும் அறுக்கும். டேப்போடு நிறுத்தாமல் டியூப் வாயில் தடுப்பும் பொருத்துங்கள். மறுமுனையில் தடுப்பு கட்டி, யாரும் போகாதபடி ஒருவரை நிறுத்துங்கள்.

ஜெட் உடம்பில் பட்டால் ஊசி குத்தியது போல ஒரு சிறு துளைதான் தெரியும், ரத்தம்கூட வராது. "ஒன்றுமில்லை, கட்டுப் போட்டால் போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தண்ணீரும் படிவின் கசடும் தசைக்குள் ஆழமாகப் போயிருக்கும். கையையே இழக்க நேரலாம். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோய், எவ்வளவு அழுத்தம், என்ன இரசாயனம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான் சொன்ன கூலரில் 19 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள டியூப்கள் ஏறத்தாழ 140 இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸ் குறி போட்டபடி வாருங்கள். முடிந்ததும் ஒரு முனையில் டார்ச் பிடிக்கச் சொல்லி மறுமுனையிலிருந்து குனிந்து பாருங்கள். சுத்தமான டியூப் முழுநிலவு போலத் தெரியும். பிறைபோலத் தெரிந்தால் திரும்பவும் லான்ஸ் போக வேண்டும். 140-ஐயும் பாருங்கள், முதுகு வலிக்கும்.

நீராவியை ஒவ்வொரு டியூபாக ஊதிக் கழுவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த ஒரு டியூப் மட்டும் சூடேறி நீண்டு, டியூப் ஷீட்டில் உள்ள இணைப்பு தளர்ந்துவிடும். வேண்டாம்.

ஷெல் பக்கத்தைக் கழுவ வேண்டுமானால் டியூப்களின் மொத்தக் கட்டான பண்டில் வெளியே வரும் வகையாக இருக்க வேண்டும். டியூப்கள் சதுர வரிசையில் இருந்தால் நடுவே ஜெட் போகச் சந்து கிடைக்கும்; முக்கோண வரிசையில் வெளிவட்டம் மட்டும் சுத்தமாகும். டியூப் ஷீட் இருபுறமும் ஷெல்லோடு வெல்டிங் ஆகியிருந்தால் அமிலம்தான் வழி.

அமிலம் சுற்றும் வேலை

புதியவர்கள் இதைத் தனியாகச் செய்யக்கூடாது. ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நம் கூலரின் டியூப்களில் 1 மில்லிமீட்டர் சுண்ணாம்பு என்றால் மொத்தம் 80 கிலோவை ஒட்டி வரும். அதைக் கரைக்க 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 180 கிலோவுக்கு மேல் செலவாகும். ஏறத்தாழ 20 கன மீட்டர் கரியமில வாயு வெளியேறும். ஒரு சிறிய அறையை நிரப்பும் அளவு. அதனால்தான் அமிலத்தைக் கீழிருந்து விட்டு மேலிருந்து எடுக்கிறோம், வென்ட்டைத் திறந்தே வைக்கிறோம். வாயு காற்றைவிடக் கனம். பக்கத்துப் பள்ளத்தில் தேங்கும், அங்கே யாரும் இறங்கக்கூடாது.

எந்த உலோகத்துக்கு எது ஆகாது என்பதில் தவறவே கூடாது. துருப்பிடிக்காத எஃகுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது. குளோரைடு குழி பறித்து விரிசல் விடும். சல்ஃபாமிக், சிட்ரிக் அமிலங்கள் அதற்குப் பாதுகாப்பானவை. பித்தளைக்கு அம்மோனியா ஆகாது. அலுமினியத்துக்கும் துத்தநாகப் பூச்சுக்கும் வலுவான அமிலமும் காஸ்டிக்கும் இரண்டுமே ஆகா. சாதாரண எஃகுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவதென்றாலும் அரிப்புத் தடுப்பான் கலக்காமல் விடாதீர்கள். படிவில் சல்ஃபைடு இருக்கிறது என்று லேப் சொன்னால் அமிலம் ஊற்றும் திட்டத்தையே மாற்றுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே கொன்றுவிடும், நாற்றம் போய்விட்டது என்று நிம்மதியாக நிற்பவர் அப்படியே விழுவார்.

எண்ணெய்ப் பசை இருந்தால் முதலில் காரக் கரைசலால் கழுவுங்கள். பசையின் மேல் அமிலம் ஒட்டாது. பிறகு 5 முதல் 10 சதவீத அமிலத்தைச் சுற்றவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை டைட்ரேஷன் (அமிலத்தின் வலிமையை அளக்கும் சோதனை) செய்யுங்கள். அமிலத்தின் வலிமை குறைந்துகொண்டே வந்து, பிறகு அடுத்தடுத்து மூன்று முறை ஒரே அளவில் நின்றால் கரைய வேண்டியது கரைந்துவிட்டது. அதற்கு மேல் சுற்றவிட்டால் டியூபைத்தான் தின்னும். வடித்துவிட்டு, கழுவி, சோடா ஆஷ் கரைசலால் நடுநிலையாக்கி, உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒரே பிஎச் காட்டும்வரை கழுவுங்கள். அந்தக் கழுவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும், மழைநீர் வாய்க்காலுக்கு அல்ல. அந்த வாய்க்கால் யாரோ ஒருவர் ஆடு மேய்க்கும் இடத்தைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போகிறது.

டியூபுக்குப் பதிலாகத் தகடுகளை அடுக்கிய பிளேட் வகை என்றால் சுருக்கமாக: பிரிப்பதற்கு முன் பக்கவாட்டில் குறுக்காக ஒரு கோடு வரையுங்கள், வரிசை மாறாது, பிளேட்டுகளின் மொத்தத் தடிப்பை அளந்துகொள்ளுங்கள், இறுக்கும்போது அதே அளவுக்கு வர வேண்டும், இரும்புக் கம்பி பிரஷ் தொடவே கூடாது.

மூடுவதும் முதல் அளவீடும்

மூடும் முன் ஷெல்லில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி, டியூப் வாய்களைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். படிவு போனதும் அது மறைத்துக்கொண்டிருந்த ஓட்டைகள் தெரியும். ஒழுகும் டியூபை இரண்டு முனையிலும் பிளக் அடித்து மூட வேண்டும். அழுத்தம் இருக்கும்போது பிளக்குக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். அது தோட்டா போலத் தெறிக்கும்.

கேஸ்கட் புதிது. போல்ட்களை எதிரெதிராக, மூன்று நான்கு சுற்றில் இறுக்குங்கள். பிளைண்ட் பட்டியலை எடுத்து, போட்டது அத்தனையும் வந்துவிட்டதா என்று எண்ணுங்கள். பாதுகாப்பு வால்வுகளின் வழி திறந்திருக்கிறதா என்று நீங்களே நடந்துபோய்க் கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஆபரேட்டரும் இருக்கட்டும். தண்ணீரை முதலில் விட்டு, வென்ட்டில் காற்று போய்த் தண்ணீர் வந்த பிறகே சூடான திரவத்தை மெல்லத் திறக்க வேண்டும்.

இனி ஆபரேட்டர்களிடம் பேசுங்கள். குளிர்காலத்தில் திரவம் அதிகம் குளிர்கிறது என்று தண்ணீர் வால்வைத் திருகிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. டியூபில் ஓட்டம் விநாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் சேறு படியும், டியூபின் சுவர் சூடேறிச் சுண்ணாம்பும் உட்காரும். மே மாதத்து அழைப்புக்கு வித்து மார்கழியில் அந்த வால்வில்தான் விழுகிறது.

ஓட்டம் நிலைத்த பிறகு, அன்றைக்கே, நான்கு வெப்பநிலைகளையும் ஓட்டத்தையும் அழுத்த இழப்பையும் எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். வெளியேறும் திரவம் மறுபடியும் 45 டிகிரிக்கு வந்திருந்தால் கூலர் சுத்தம். 48-இலேயே நின்றால் உங்கள் டார்ச் பார்க்காத டியூப்கள் எங்கோ இருக்கின்றன.